மேலுமலை ஏத்தத்துல ஜெர்க், டோல்கேட் வரிசைல ஆஃப்: இசிஎம் (என்ஜின் கம்ப்யூட்டர்) மாத்தச் சொல்றாங்க, மாத்தலாமா?

கேள்வி: அண்ணா வணக்கம். எங்க அப்பா 2013ல வாங்குன பெட்ரோல் காரு, நாலு சிலிண்டர், இப்ப 1,18,000 கிமீ ஓடியிருக்கு. காவேரிப்பட்டணத்துல இருந்து ஓசூர் கம்பெனிக்கு நான்தான் ஓட்டினு போறேன். நாலு மாசமா காலைல மேலுமலை ஏத்தத்துல நாலாவது கியர்ல மிதிச்சா தடக் தடக்னு இழுக்குது, என்ஜின் லைட்டு விட்டு விட்டு எரியுது. சாயங்காலம் திரும்பி வரும்போது கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசைல மெதுவா நகர்றப்ப பொசுக்குனு ஆஃப் ஆயிடுது, பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் ஆவுது. நாலு பிளக்கும் மாத்தியாச்சு. அப்புறம் பிளக்குக்கு கரண்டு அனுப்பற நாலு காயிலும் மாத்துனாங்க, மூணு வாரம் நல்லா ஓடுச்சு, மறுபடி அதே கதை. அதுக்கப்புறம் என்ஜினுக்கு காத்து விடற த்ராட்டில் பாடி கிளீன் பண்ணாங்க. ஸ்கேன்ல பி 0302, பி 0171, ஒரு தடவ பி 0300னு எரர் கோடு வந்துச்சு. இப்ப ஒரு ஒர்க்‌ஷாப்ல ஃபியூவல் பம்ப் மாத்திப் பாக்கலாம், அதுலயும் சரியாகலன்னா இசிஎம் போயிருக்கும், 45,000 ஆகும்னு சொல்றாங்க. ஏற்கனவே 19,000 போச்சு. மாத்தலாமா, இல்ல வித்துடலாமா? இன்னொன்னு, இது முக்கியமான்னு தெரியல, பிளக் கழட்டுனப்ப ஒரே ஒரு பிளக் மட்டும் ஆயில்ல ஊறி இருந்துச்சு, கேட்டதுக்கு பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்மான்னு சொல்லிட்டாங்க.

பதில்:

வணக்கம்மா. இசிஎம் மாத்த வேணாம், வண்டிய விக்க வேணாம், ஃபியூவல் பம்ப் மேல இப்போதைக்கு கையே வெக்க வேணாம். நான் தர்மபுரில இருபது வருஷத்துக்கு மேல செட்டு போட்டு பெட்ரோல் வண்டிதான் பாத்துனு இருக்கேன், இசிஎம் நிஜமாவே செத்துப்போன வண்டின்னு பாத்தா ஒரு கை விரல்ல எண்ணிடலாம், அதுலயும் பாதி வண்டி தண்ணில முங்கினது.

முக்கியமான்னு தெரியலன்னு கடைசில ஒன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, லெட்டர்லயே உருப்படியான வரி அதுதான். அந்த ஆயில் பிளக்க பாத்துட்டு "பழைய வண்டின்னா அப்படித்தான்"னு சொன்ன ஆளு அங்கயே ரெண்டு நிமிஷம் நின்னு டார்ச் அடிச்சி பாத்திருந்தா உங்களுக்கு பதினஞ்சாயிரம் மிச்சம் ஆயிருக்கும்.

முதல்ல ஒன்னு தெளிவு பண்ணிக்கலாம். நீங்க எழுதுனது ரெண்டு கம்ப்ளைன்ட். ஏத்தத்துல மிதிக்கறப்ப ஜெர்க் அடிக்கறது ஒன்னு, மெதுவா நகர்றப்ப ஆஃப் ஆவறது இன்னொன்னு. ரெண்டும் ஒரே காரணத்தால வரலாம், ஆனா வந்தே ஆகணும்னு இல்ல. உங்க வண்டிய பாத்த எல்லாரும் ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டி, ஒரே சாமான் மாத்துனா எல்லாம் சரியாயிடும்னு தேடினு இருக்காங்க, அதான் காசு போய்னே இருக்குது.

ஜெர்க்க முதல்ல பாப்போம். பி 0302ல கடைசி நம்பர்தான் சிலிண்டர் நம்பர், அதாவது ரெண்டாவது சிலிண்டர் மிஸ் அடிக்குது. பி 0300ன்னா எந்த சிலிண்டர்னு குறிப்பா சொல்ல முடியல, மாத்தி மாத்தி மிஸ் அடிக்குதுன்னு அர்த்தம். இத வண்டி எப்படி கண்டுபிடிக்குதுன்னு தெரிஞ்சிக்கோங்க, அப்பதான் கோட நம்பலாமா வேணாமான்னு புரியும். 3000 ஆர்பிஎம்ல நாலு சிலிண்டர் என்ஜின்ல நொடிக்கு நூறு தடவ பெட்ரோல் எரியுது, ஒவ்வொரு எரிப்பும் கிராங்க (பிஸ்டன் சுத்தி விடற தண்டு) ஒரு தள்ளு தள்ளும். ஒரு தள்ளு வரலன்னா கிராங்கு துளியூண்டு சுணங்கும், அந்த சுணக்கத்த கிராங்க் சென்சார் வழியா கம்ப்யூட்டர் எண்ணினே இருக்கும், இது யாரோட முறைன்னு பாத்து அந்த சிலிண்டர் பேர எழுதிக்கும். அவ்ளோதான் அதுக்கு தெரியும். பிளக்கா, காயிலா, பெட்ரோல் பீச்சற இன்ஜெக்டரா, வால்வான்னு அதுக்கு தெரியாது. கோட பாத்துட்டு "காயில் போயிடுச்சு"ன்னு சொல்றவங்க எல்லாம் ஊகத்துலதான் சொல்றாங்க.

இப்ப அந்த ஆயிலுக்கு வருவோம். உங்க வண்டி மாதிரி வண்டில ஒவ்வொரு பிளக்கு மேலயும் ஒரு காயில் நேரா உக்காந்திருக்கும், காயிலுக்கு கீழ நீட்டா ஒரு ரப்பர் பூட்டு, அது ஒரு குழாய்க்குள்ள இறங்கி பிளக்க கவ்வியிருக்கும். அந்த குழாய் டேப்பட் கவருக்கு (என்ஜின் தலை மேல இருக்கற மூடி) நடுவுல போவுது. குழாய சுத்தி ரப்பர் சீல் இருக்கும், அந்த பக்கம் ஆயில், இந்த பக்கம் பிளக்கு. லட்சம் கிலோமீட்டர் ஓடுனா, நம்ம ஊரு வெயில்ல தினம் வெந்து வெந்து அந்த சீலு கட்டைமாதிரி ஆயிடும், நகத்தால அழுத்துனா அப்பளம் மாதிரி ஒடியும். அப்புறம் ஆயில் சொட்டு சொட்டா குழாய்க்குள்ள இறங்கி பிளக்க சுத்தி குட்டை கட்டி நிக்கும். ஆயில்ல ரப்பர் ஊறுனா என்னாகும், உப்பி, கொழகொழன்னு ஆயி, சன்னமா வெடிப்பு விடும். காயில் அனுப்பற கரண்டு சாதாரணம் இல்லம்மா, 20,000 வோல்ட்டுக்கு மேல போவும், அதுக்கு வழி கிடைச்சா போதும்.

சமரோட்டுல போறப்ப சிலிண்டருக்குள்ள காத்து கம்மி, அழுத்தம் கம்மி, பிளக் முனைல தீப்பொறி சுலபமா தாண்டிடும். மேலுமலை ஏத்தத்துல நாலாவது கியர்ல போட்டு மிதிக்கறீங்க, உள்ள காத்து நெறைய, அழுத்தம் அதிகம், அந்த அழுத்தத்துல பொறி தாண்டறது கஷ்டம், அதுக்கு இன்னும் கூட வோல்டேஜ் வேணும். கரண்டு பாக்கும், பிளக் முனைல தாண்டறத விட இந்த ஊறிப்போன ரப்பர பொத்துனு பக்கத்துல இருக்கற இரும்புக் குழாய்ல பாயறது சுலபம்னு அங்க ஓடிடும். சிலிண்டர் மிஸ். ஏத்தம் முடிஞ்சதும் ஒன்னுமே நடக்காத மாதிரி வண்டி ஓடும். அதனாலதான் ஒர்க்‌ஷாப்ல நிக்க வெச்சி ரேஸ் பண்ணி பாத்தா ஒன்னும் தெரியாது, லோடுல ஓட்டிதான் பாக்கணும்.

காயில் மாத்துனதும் மூணு வாரம் நல்லா ஓடுச்சுன்னு எழுதியிருக்கீங்களே, எனக்கு அதுதான் பெரிய சாட்சி. புது காயில்னா புது ரப்பர். அது ஊற மூணு வாரம் ஆச்சு. ஒழுகற கூரைய விட்டுட்டு நனையற பாய மாத்துன கதை.

இத நீங்களே பாக்கலாம். என்ஜின் நல்லா ஆறுனதுக்கு அப்புறம், சாவி ஆஃப்ல, ரெண்டாவது காயிலோட கனெக்டர கழட்டி, ஒரே ஒரு பத்து எம்எம் போல்ட்டுதான் பெரும்பாலும் இருக்கும், அத கழட்டிட்டு காயில திருகி திருகி மேல இழுங்க. முதல் சிலிண்டர்ங்கறது பொதுவா பெல்ட்டு ஓடற பக்கம், அங்கேர்ந்து எண்ணணும், டிரைவர் சீட்ல இருந்து எண்ணக் கூடாது. ரப்பர் பூட்டு கீழ்ப்பக்கம் ஈரமா பளபளன்னு இருக்கா பாருங்க. அதுல சாம்பல் கலர்ல தலைமுடி மாதிரி ஒரு கோடு ஓடுனா கரண்டு போன வழி அதுதான். பிளக்கோட வெள்ளை பீங்கான்லயும் பென்சில்ல கிறுக்குன மாதிரி கருப்பு கோடு இருக்கும், அப்படி இருந்தா பிளக்கு புதுசா இருந்தாலும் அந்த ஒன்ன மாத்திடணும், துடைச்சி போட்டா வேலைக்காவாது.

ஒரு விஷயம் மட்டும் கவனமா பாருங்க, ஆயில் பிளக்கோட மேல்பக்கம் இருந்துச்சா, கீழ எரியற முனைல இருந்துச்சா? மேல இருந்தா சீல் ஒழுகுது, சின்ன வேலை. கீழ முனைல கருப்பா ஆயில் பிசுபிசுப்பு இருந்தா அது சிலிண்டருக்குள்ள ஆயில் எரியுதுன்னு அர்த்தம், பிஸ்டன் ரிங்கு இல்லன்னா வால்வ் சீல், அது வேற கணக்கு. காலைல ஸ்டார்ட் பண்றப்ப சைலன்சர்ல நீலமா புகை வருதா, ஆயில் அடிக்கடி ஊத்தற மாதிரி இருக்கான்னு பாத்துக்கோங்க. நீங்க எதுவும் எழுதல, அதனால மேல இருக்கற ஆயில்னுதான் நினைக்கறேன்.

சீல் ஒழுகுதுன்னு உறுதியாயிடுச்சுன்னா டேப்பட் கவர் பேக்கிங்கும் பிளக் குழாய் சீலும் சேத்து மாத்தச் சொல்லுங்க. சில வண்டில குழாய் சீல் தனியா வராது, கவரோட சேத்துதான் வரும், அத கடைல கேட்டுக்கோங்க. கூடவே பிசிவி வால்வ (என்ஜினுக்குள்ள சேர்ற புகைக் காத்த வெளிய விடற வால்வு) கழட்டி காதுகிட்ட வெச்சி ஆட்டி பாக்கச் சொல்லுங்க, கிலுகிலுன்னு சத்தம் வரணும். அது அடைச்சிருந்தா என்ஜினுக்குள்ள காத்து போக வழியில்லாம எங்க எங்க பேக்கிங் இருக்கோ அங்கெல்லாம் ஆயில தள்ளும், நீங்க புது பேக்கிங் போட்டாலும் ஆறு மாசத்துல மறுபடி ஒழுகும். இந்த வால்வு முன்னூறு நானூறு ரூபா சாமான், ஆனா யாரும் பாக்க மாட்டாங்க.

சீல்ல ஒன்னும் இல்ல, குழாய் காஞ்சி போயிருக்குன்னு வெச்சிக்கோங்க. அப்ப ரெண்டாவது காயில எடுத்து மூணுல போடுங்க, மூணாவத எடுத்து ரெண்டுல போடுங்க, கோட அழிச்சிட்டு மேலுமலை ஏறுங்க. பி 0303ன்னு வந்தா காயில்தான் கள்ளன், கூடவே நகர்ந்து போயிருக்கான். பி 0302லயே நின்னா பிளக்க இதே மாதிரி மாத்தி பாருங்க. அதுலயும் நகரலன்னா இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காத்த அமுக்கற அழுத்தம். கம்ப்ரஷன் டெஸ்ட்ல நாலு சிலிண்டரும் 150 பிஎஸ்ஐக்கு மேல, ஒன்னுக்கொன்னு கிட்டத்தட்ட சமமா இருக்கணும். ரெண்டாவது சிலிண்டர் மட்டும் கம்மியா இருந்தா அதுல ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்தி மறுபடி பாக்கணும், ஏறுச்சுன்னா ரிங்கு, ஏறலன்னா வால்வு. கேஸ் கிட்டு போட்டு ஓட்டுன வண்டியா இருந்தா வால்வு மேல சந்தேகம் ஜாஸ்தி. இதுல இன்ஜெக்டர் வரைக்கும் புதுசா ஒரு சாமான் கூட வாங்காம கண்டுபிடிக்கலாம், அதான் நான் சொல்ல வர்றது.

ஒரு எச்சரிக்கை. லைட்டு விட்டு விட்டு எரியுதுன்னு எழுதியிருக்கீங்க. அசையாம எரிஞ்சா நேரம் கெடைக்கறப்ப பாத்துக்கலாம். கண்ணடிச்சா, எரியாத பெட்ரோல் சைலன்சர்ல போயி புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்குள்ள எரியுதுன்னு அர்த்தம், அது சூட்டுல உருகி அடைச்சிக்கும், அப்புறம் அது ஒரு பெரிய செலவு. கண்ணடிச்சா உடனே ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுங்க, கீழ் கியர் போட்டு லேசா மிதிச்சி ஏறுங்க. பழைய மெக்கானிக் பழக்கத்துல ஓடற வண்டில காயில் கனெக்டர ஒவ்வொன்னா புடுங்கி எந்த சிலிண்டர்னு பாப்பாங்க, அதுலயும் இதே ஆபத்துதான், பெட்ரோல் போயினே இருக்கும் பொறி இருக்காது. பாக்கணும்னா இன்ஜெக்டர் கனெக்டர புடுங்கி பாக்கச் சொல்லுங்க.

சரி, டோல்கேட்டுக்கு வருவோம். இங்க உங்கள ஒரு கேள்வி கேக்கணும், இதுக்கு பதில் தெரியாம யாரும் எதையும் மாத்தக் கூடாது. பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் ஆவுதுன்னு எழுதுனீங்க. அந்த பத்து நிமிஷம் வண்டி ஸ்டார்ட் ஆகலையா, இல்ல நீங்க ஸ்டார்ட் பண்ணலையா?

கிண்டலுக்கு கேக்கலம்மா. டோல்கேட் வரிசைல வண்டி நின்னா பின்னாடி லாரிக்காரன் ஆரன அமுக்கினே இருப்பான், நாலு பேரு வந்து ஓரமா தள்ளி விடுவாங்க, நீங்க வீட்டுக்கு போன் பண்ணுவீங்க, தண்ணி குடிப்பீங்க, அப்புறம் உக்காந்து சாவி போட்டா ஸ்டார்ட் ஆவும். மனசுல "பத்து நிமிஷம் கழிச்சு"ன்னு பதிஞ்சிடும். ஆனா நின்ன உடனே சாவி போட்டிருந்தா அப்பவே ஸ்டார்ட் ஆயிருக்குமோ என்னமோ. நின்னதும் உடனே ஸ்டார்ட் ஆனா அது காத்து ஒழுகல், த்ராட்டில், ஐடிலிங் (ஆக்சிலேட்டர் மிதிக்காம என்ஜின் சும்மா ஓடறது) சமாச்சாரம். உடனே எத்தன தடவ செல்ஃப் அடிச்சாலும் ஸ்டார்ட் ஆகாம, ஆறுனதுக்கு அப்புறம்தான் ஆவுதுன்னா சூட்டுல செத்து ஆறுனா உயிர் வர்ற சாமான் ஏதோ ஒன்னு இருக்கு, அதுல முதல் ஆளு கிராங்க் சென்சார்.

இந்த கிராங்க் சென்சார்ல நானே சறுக்கியிருக்கேன், சொல்லாம விட்டா நல்லா இருக்காது. ஏழெட்டு வருஷம் முன்னாடி, போச்சம்பள்ளி பக்கம் ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் வண்டி எடுத்துனு வந்தாரு, சித்திரை வெயில், ஓடற வண்டி நிக்குது, அரைமணி நேரம் கழிச்சு கிளம்புது. நான் பம்பு சூடாயி நிக்குதுன்னு நானா முடிவு பண்ணி ஃபியூவல் பம்ப மாத்திட்டேன். மூணாவது நாள் மத்தூர்ல இருந்து போன், "தம்பி, மறுபடியும் நின்னுடுச்சு." பைக்க எடுத்துனு போனேன். வெயில்ல அந்த மனுஷன் புளியமரத்தடில குடைய புடிச்சினு நிக்கறாரு, ஒரு வார்த்தை திட்டல, அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. சாவி போட்டா பம்பு சத்தம் நல்லா வருது, ரெண்டு நொடி உய்ங்னு ஓடி நிக்குது. செல்ஃப் அடிக்கறேன், என்ஜின் சுத்துது, ஆனா டேஷ்போர்டுல ஆர்பிஎம் முள்ளு அசையல, சைபர்லயே படுத்துனு இருக்குது. அப்பதான் உறைச்சிது. என்ஜின் சுத்தறதே கம்ப்யூட்டருக்கு தெரியல, தெரியாததால பொறியும் குடுக்கல, பெட்ரோலும் குடுக்கல. அவரு தோள் துண்ட வாங்கி பாட்டில் தண்ணில நனைச்சி சென்சார் மேல சுத்தி ரெண்டு நிமிஷம் வெச்சேன், செல்ஃப் அடிச்சேன், முள்ளு துள்ளுச்சு, வண்டி ஓடுச்சு. உள்ள சன்னமான கம்பி சுத்து, சூட்டுல விரிஞ்சி தொடர்பு விட்டுடும், ஆறுனா ஒட்டிக்கும். பம்புக்கு வாங்குன காச திருப்பி குடுத்தேன், சென்சார் வெல அதுல கால்வாசி கூட இல்ல. அன்னிலேர்ந்து செட்ல ஒரு ஹேர் டிரையர் இருக்குது, சென்சார சூடாக்கி பாக்க, வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டு வாங்குனது இன்னும் திருப்பித் தரல.

அதனால அடுத்த தடவ டோல்கேட்ல நின்னா பயப்படாம ஹசார்டு போட்டுட்டு இத பண்ணுங்க. சாவிய ஆஃப் பண்ணி மறுபடி ஆன் மட்டும் போடுங்க, பின்சீட்டு பக்கம் ரெண்டு மூணு நொடி உய்ங்னு சத்தம் கேக்குதா. டோல்கேட் சத்தத்துல கேக்கலன்னா விடுங்க. அப்புறம் செல்ஃப் அடிச்சினே ஆர்பிஎம் முள்ள பாருங்க, செல்ஃப்ல சுத்தறப்ப லேசா 200, 300 காட்டணும். உடனே ஸ்டார்ட் ஆச்சா, முள்ளு அசைஞ்சிதா, எத்தன நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் ஆச்சு, டெம்பரேச்சர் எவ்ளோ, ஏசி ஓடுச்சா, இத போன்ல ஒரு வரி டைப் பண்ணி வெச்சிக்கோங்க. இந்த ஒரு வரிதான் மெக்கானிக்குக்கு வேணும், 45,000 ரூபா சாமான விட இதுக்கு மதிப்பு.

உடனே ஸ்டார்ட் ஆவுதுன்னு வெச்சிக்கோங்க, அப்ப பி 0171 மேல கண்ணு வெக்கணும். இது காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மின்னு சொல்ற கோடு. நம்ம வீட்ல களி கிண்டுறப்ப தண்ணி கூடிப்போச்சுன்னா மாவு போட்டு போட்டு கிண்டுவாங்கல்ல, அதே மாதிரி எங்கயோ ஓட்டைல திருட்டுக் காத்து உள்ள வந்தா கம்ப்யூட்டர் பெட்ரோல கூட்டிக் கூட்டி சமாளிக்கும், எவ்ளோ கூட்டுதுன்னு சதவீதத்துல காட்டும், ஃபியூவல் ட்ரிம்னு ஸ்கேனர்ல இருக்கும். ஆயிரம் ரூபா சில்லறைக்கு போன்ல இணைக்கற புளூடூத் ஓபிடி கருவி கெடைக்குது, அதுலயே பாக்கலாம். சூடான என்ஜின்ல ஐடிலிங்ல ட்ரிம் 20 சதவீதம் கிட்ட இருந்து, 2500 ஆர்பிஎம்ல புடிச்சா அஞ்சுக்குள்ள இறங்குனா, காத்து ஒழுகல்தான். ஐடிலிங்ல என்ஜின் குடிக்கற காத்தே கொஞ்சம், அதுல ஒரு ஓட்டைன்னா பெரிய விஷயம், ரேஸ் பண்றப்ப அதே ஓட்டை கணக்குல வராது. தலைகீழா ஐடிலிங்ல நல்லா இருந்து மிதிக்க மிதிக்க ட்ரிம் ஏறுனா பெட்ரோல் பத்தல, அப்ப பம்பு, ஃபில்டர் பக்கம் போகலாம், அதுவும் பிரஷர் கேஜ் மாட்டி பாத்துட்டு. பம்பு மாத்தச் சொன்னவங்க கேஜ் மாட்டுனாங்களா? மாட்டியிருந்தா என்ன பிரஷர்னு ஒரு நம்பர் சொல்லியிருப்பாங்க.

இதுல ஒரு ஏமாத்து இருக்குது, பல மெக்கானிக்கே இதுல மாட்டுவாங்க. மிஸ் அடிக்கற சிலிண்டர்ல காத்து எரியாம அப்படியே சைலன்சருக்கு போவும். அங்க இருக்கற ஆக்சிஜன் சென்சாருக்கு பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும், அது "அய்யோ காத்து ஜாஸ்தி"ன்னு கத்தும், கம்ப்யூட்டர் பெட்ரோல கூட்டும், பி 0171 எழுதும். அதாவது உங்க பி 0171 தனி நோயா இல்லாம அந்த ரெண்டாவது சிலிண்டரோட நிழலா இருக்கலாம். அதனாலதான் வரிசை முக்கியம், முதல்ல ஆயில் ஒழுகல நிறுத்தி மிஸ்ஸிங்க சரி பண்ணுங்க, கோட அழிங்க, நூறு நூத்தம்பது கிலோமீட்டர் ஓட்டுங்க, அப்புறம் ட்ரிம்ம பாருங்க. கோட அழிக்கறதுக்கு முன்னாடி ஃப்ரீஸ் ஃப்ரேம்னு ஒன்னு இருக்கும், கோடு விழுந்த அந்த நொடில ஸ்பீடு எவ்ளோ, ஆர்பிஎம் எவ்ளோ, லோடு எவ்ளோ, என்ஜின் சூடு எவ்ளோன்னு போட்டோ புடிச்சி வெச்சிருக்கும். அத போன்ல படம் எடுத்துக்கோங்க. பாக்காம அழிக்கறது, திருடன் கால்தடத்த தொடப்பத்தால கூட்டி விடற மாதிரி.

காத்து ஒழுகறது பெரும்பாலும் எங்கன்னா, பிசிவில இருந்து மேனிஃபோல்டுக்கு (சிலிண்டருக்கு காத்த பிரிச்சி விடற குழாய்) போற ரப்பர் ஹோஸ், வளைவுல அடிப்பக்கமா வெடிச்சிருக்கும், மேல இருந்து பாத்தா புதுசாட்டம் தெரியும், விரல விட்டு தடவி பாக்கணும். பிரேக் மிதிய லேசாக்கற பூஸ்டரோட ஹோஸ் ஒழுகுனா பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆவும், மிதிக்கறப்ப ஸ்ஸ்னு சத்தம் கேக்கும். இன்டேக் மேனிஃபோல்டு பேக்கிங் இன்னொரு இடம். உங்க வண்டில ஆயில் ஒழுகலும் இருக்கறதால எனக்கு பிசிவி ஹோஸ் மேலதான் கண்ணு, ஆயில்ல ஊறுன ரப்பர் கதைய மேலயே சொன்னேன்.

த்ராட்டில் கிளீன் பண்ணதுக்கு அப்புறம் ஆஃப் ஆவறது அதிகமாச்சா? கிளீன் பண்ணிட்டு ஸ்கேனர்ல ஐடில் லேர்னிங் பண்ணலன்னா கம்ப்யூட்டர் பழைய அழுக்கு கணக்குலயே திறப்பு குடுத்துனு இருக்கும், சில வண்டி தானா கத்துக்கும், சிலது கத்துக்காது. பண்ணாங்களான்னு கேளுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

பெட்ரோல் பத்தியும் எல்லாரும் கேக்கறாங்க, ஒரு வார்த்தை. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு காத்து 14.7 பங்கு வேணும்னா இதுக்கு 13.5 கிட்ட போதும், அதாவது அதே காத்துக்கு பெட்ரோல் கூட வேணும். 2013 வண்டில இதனால ட்ரிம் கொஞ்சம் ஏறி நிக்கும், அது கோளாறு இல்ல, பயப்பட வேணாம். ஆனா எத்தனால் தண்ணிய இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸுக்கும் ஆகாது, அதனால ஹோஸ் பாக்கறப்ப பெட்ரோல் லைன் ஹோஸையும் ஒரு தடவ அமுக்கி பாத்துடுங்க, அங்க ஒழுகுனா அது நெருப்பு விஷயம். உங்க ஜெர்க்குக்கு காரணம் எத்தனால்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, பெட்ரோல் தப்புன்னா ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் அடிக்காது, நாலும் அந்த பெட்ரோலதான் குடிக்குது.

எலிய மறந்துட்டேன். ராயக்கோட்டை தக்காளி மண்டிக்காரர் ஒருத்தர் வண்டி, ஏத்தத்துல மட்டும் மிஸ்ஸிங், மூணு மாசம் அலைஞ்சாரு. கடைசில பாத்தா மேனிஃபோல்டுக்கு அடில இன்ஜெக்டர் ஒயர எலி கடிச்சி ஒரே ஒரு இழை மட்டும் தொங்கினு இருந்துச்சு, மிதிக்கறப்ப என்ஜின் மவுன்ட்டுல சாயும்ல, அந்த சாய்மானத்துல இழை பிரியும், சமரோட்டுல ஒட்டிக்கும். மண்டிக்கு பக்கத்துல வண்டி நிறுத்துனா எலி வராம என்ன பண்ணும். உங்க வீட்டு பக்கம் மாங்கா தோப்பு, நெல்லு மூட்டை ஏதாவது இருந்தா பானட்ட தூக்கி ஒயர் எல்லாம் ஒரு தடவ பாருங்க.

இசிஎம் பத்தி ஒன்னே ஒன்னு. அதுக்கு போறதுக்கு முன்னாடி எர்த்து பாக்கச் சொல்லுங்க. என்ஜின் ஓட விட்டு ஹெட்லைட்டு ஏசி எல்லாம் போட்டுட்டு மல்டிமீட்டர் ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொன்ன என்ஜின் பிளாக்குல வெச்சா 0.1 வோல்ட்டுக்குள்ள காட்டணும். அதுக்கு மேல போனா எர்த்து ஸ்ட்ராப்ப கழட்டி துரு சுரண்டி மாட்டணும், செலவு ஒரு உப்புத்தாள். எர்த்து சரியில்லாத வண்டில எல்லா சென்சாரும் பொய் சொல்லும், பழி இசிஎம் மேல விழும்.

இது சரியாவற வரைக்கும் மேலுமலை இறக்கத்துல ஜாக்கிரதையா வாங்க. பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விடாதீங்க, கியர்ல இறங்கறப்ப இன்ஜெக்டர் பெட்ரோலயே நிறுத்திடும், நியூட்ரல்லதான் ஐடிலிங்குக்கு பெட்ரோல் செலவாவுது. கியர்ல இருந்தா சக்கரமே என்ஜின சுத்தும், பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கெடைக்கும். நியூட்ரல்ல என்ஜின் ஆஃப் ஆச்சுன்னா ஸ்டியரிங் கட்டையாயிடும், பிரேக்கு ரெண்டு மூணு மிதிக்குதான் பூஸ்டர்ல மிச்சம் இருக்கும், அத விட்டு விட்டு மிதிச்சி வீணடிக்காம ஒரே அழுத்தா அழுத்தி ஓரங்கட்டணும். சேலம் போற வேலை இருந்தா தொப்பூர் இறக்கத்துக்கு இந்த வண்டிய இப்ப எடுத்துனு போகவே வேணாம், பஸ்ல போங்க.

பேக்கிங் வேலைக்கு விட்டீங்கன்னா கழட்டுன பழைய சீல கையில வாங்கிப் பாருங்க, வளைச்சா ஒடியுதான்னு. டோல்கேட்ல முள்ளு அசைஞ்சிதா இல்லையான்னு மறுபடி ஒரு வரி எழுதுங்க, அது தெரிஞ்சாதான் கிராங்க் சென்சாரா ஹோஸான்னு நான் சொல்ல முடியும். அப்புறம் முதல்ல கழட்டுன பழைய காயில் நாலு என்ன ஆச்சு, கடைலயே விட்டுட்டீங்களா? வண்டியோட வந்த காயில் அது, நாலுல மூணாச்சும் நல்லா இருக்கவே வாய்ப்பு ஜாஸ்தி, நிறைய வண்டிக்கு ரப்பர் பூட்டு மட்டும் தனியா கெடைக்குது, போய் கேட்டு வாங்கினு வந்து வீட்ல வெச்சிக்கோங்க.